நெகட்டிவ் ரத்தம் குறையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முடிவுச் சீட்டை வாங்கிய பிறகும் ஜன்னலை விட்டு நகராமல், "நெகட்டிவ் என்று போட்டிருக்கிறதே அம்மா, பயப்படும்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 'பாசிட்டிவாக இரு, நெகட்டிவாகப் பேசாதே' என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய காது அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

பரிசோதனையில் தேடியது தென்பட்டால் பாசிட்டிவ், தென்படாவிட்டால் நெகட்டிவ். நல்லது கெட்டது அந்தச் சொல்லில் இல்லை. கர்ப்பப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்தால் ஒரு வீட்டுக்கு ஏமாற்றம், இன்னொரு வீட்டுக்கு நிம்மதி. காசநோய்க்கு மருந்து தொடங்கிய இரண்டு மாதத்தில் சளி நெகட்டிவ் ஆனதும், குணமாகிவிட்டது என்று ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டவர்களும் உண்டு.

எனக்கு ஆறாத விஷயம் ரத்த வகைதான். சிவப்பணுவின் மேல் ஆர்எச்-டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ், அவ்வளவே. ஆனால் பூ வைத்து நிச்சயித்த பிறகு, பெண்ணுக்கு 'நெகட்டிவ் ரத்தமாம்' என்று சம்பந்தத்தை முறித்த குடும்பத்தை நான் அறிவேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை. நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால், குழந்தையின் ரத்தம் கலந்து தாயின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகலாம். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் அதைத்தான் அந்த எதிர்ப்பொருள் தாக்கக்கூடும். இதைத் தடுக்க ஆன்டி-டி என்ற ஊசி இருக்கிறது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஊசியால் தடுக்கக்கூடிய ஒன்றுக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்பது அநியாயம்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். கிருமிப் பரிசோதனைச் சீட்டில் நெகட்டிவ் என்பதன் கீழே 'இந்தப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை. மருந்தை நிறுத்துமுன் மருத்துவரைக் கேட்கவும்' என்று தமிழில் அச்சிடுங்கள். ரத்த வகைச் சீட்டில் 'இது நோயல்ல. கர்ப்பமானதும் மருத்துவரிடம் இதைச் சொல்லவும்' என்று போடுங்கள். இன்று சீட்டெல்லாம் கணினியில்தான் அச்சாகிறது; ஒரு முறை பதிந்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்