கரிப்பெட்டிக்கு மாற்று: நண்பனுக்கு ஒரு கடிதம்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது செய்தித்தாளை ஓர் எழுத்து விடாமல் படிக்கிறாள். காய்கறி விலை பற்றித் தினமும் காலையில் எனக்கு வகுப்பு நடக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலி குறைய உன் மாணவர்கள் ஓர் இருக்கை செய்திருக்கிறார்கள், அந்தப் பெண்களை வேனில் கல்லூரிக்கு அழைத்துவந்து உட்காரவைத்துப் பார்க்கப்போகிறோம், இதையே பெரிதாக்கி ஒரு ‘லிவிங் லேப்’ (மக்கள் புழங்கும் இடத்திலேயே, அவர்களோடு சேர்ந்து புதுப் பொருள்களைச் சோதிக்கும் ஏற்பாடு) தொடங்க நிர்வாகமும் ஆசைப்படுகிறது என்று எழுதியிருந்தாய். வேனை முதலில் ரத்து செய். உன் மாணவர்கள் அந்தப் பெண்களின் திண்ணைக்குப் போகட்டும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஓய்வுபெற்ற பிறகு நான் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பொறியாளர் குழு இதே வேலையில்தான் இருக்கிறது. தெருவோர இஸ்திரி வண்டிகளில் கரிப்பெட்டிக்கு மாற்றாக கேஸ் பெட்டி. கேஸ் பெட்டி சந்தைக்குப் புதிதல்ல. நம் வண்டிகளுக்கும் நம் துணிகளுக்கும் ஒத்துவருகிற மாதிரி அதைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. பட்டறையில் பெட்டி அருமையாக வேலை செய்தது. சூடு சீராக ஏறியது, சாம்பல் இல்லை, எடையும் குறைவு. எங்கள் தெருமுனையில் மரத்தடியில் வண்டி போட்டிருக்கும் அக்காவிடம் முதல் பெட்டியைக் கொடுத்தோம். சில நாள் கழித்துக் கேட்டால், “நன்றாக இருக்கிறது சார்” என்றார். மறுபடியும் போய்க் கேட்டாலும் அதே பதில். ஆனால் கேஸ் பெட்டி வண்டியின் கீழ்த்தட்டில் துணி போர்த்திக் கிடந்தது. மேலே கரிப்பெட்டி புகைந்துகொண்டிருந்தது. தேடிவந்து ஒரு பொருளைக் கொடுத்தவரின் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. படிவம் நீட்டி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துதான் விழும்.

அதனால் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் கையைப் பார்க்க ஆரம்பித்தோம். இஸ்திரி போடுகிறவருக்கு வலது கை பெட்டியில். இடது கை சும்மா இருப்பதில்லை, சுருக்கத்தை நீவிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் ஓடுகிறது. எங்கள் பெட்டியின் கேஸ் குழாய் பின்புறத்திலிருந்து வருவதால், சட்டையின் தோள்பட்டையைத் திருப்பும்போதெல்லாம் பலகை விளிம்பில் மாட்டியது. அதைத் தூக்கிவிட இடது கை போகும். அதற்குள் நீவிய சுருக்கம் மறுபடியும் விழுந்துவிடும். எடை குறைவு என்று பட்டறையில் பெருமையாகச் சொல்லப்பட்டதும் அங்கே தலைகீழானது. கஞ்சி போட்ட வேட்டியைக் கரிப்பெட்டி தன் கனத்தாலேயே படியவைக்கும். இலேசான பெட்டியைக் கையால் அழுத்த வேண்டும். சாயங்காலம் தோள் விட்டுப்போகும். பிற்பகலில் கடற்காற்று தொடங்கினால் பெட்டிக்குள் சுடர் வேறு அணைந்து அணைந்து போனது.

குழாய்க்கு வழி கண்டுபிடித்தவர் அக்காவின் வீட்டுக்காரர். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி, ஒரு முனையை வண்டிக் கூரையின் மூங்கிலில் கட்டி, மறுமுனையில் குழாயைத் தொங்கவிட்டார். பெட்டி போகிற பக்கம் குழாயும் தாழ்ந்து வந்தது, திரும்பும்போது தானே மேலேறியது. இப்போது எங்கள் எல்லாப் பெட்டிகளுக்கும் அதே ஏற்பாடுதான், டியூபுக்குப் பதில் ஸ்பிரிங். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1976லேயே அறிவியல் கருவிகளை ஆராய்ந்து, முக்கியமான புதுமைகளில் பெரும்பாலானவை அவற்றைப் பயன்படுத்திய ஆய்வாளர்களின் கையில் பிறந்தவை, தயாரித்த நிறுவனங்களில் அல்ல என்று காட்டினார். மந்தைவெளியில் அது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் பெட்டியைத் தயாரிக்க முன்வந்த நிறுவனத்தின் கூட்டத்தில் அந்தத் தொங்கலை ‘எங்கள் வடிவமைப்பு’ என்று திரையில் போட்டுக் காட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதருக்கு என்ன தருவது என்று இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உன் கல்லூரி இதை முதல் நாளே எழுத்தில் தீர்த்துவிட வேண்டும்.

பணத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதுப் பெட்டியில் வாடிக்கையாளரின் பட்டுப்புடவை பொசுங்கினால் யார் பொறுப்பு? புடவை விலையை நாம் கொடுத்துவிடலாம். அந்த வீட்டுத் துணி இனி வராது. அதனால் முதலில் எங்கள் வீட்டுத் துணிகளைத்தான் கொடுத்தோம். என்னிடமும் காலரில் பழுப்புத் தழும்போடு ஒரு சட்டை இருக்கிறது.

எத்தனை நாள் சோதிப்பது என்றும் கேட்டிருந்தாய். சென்னையில் ஒரு மழைக்காலத்தையாவது தாண்டாத சோதனையை நான் ஏற்கமாட்டேன். மெரினாவில் சக்கர நாற்காலிக்காரர்கள் அலை வரை போக மரப்பாதை போட்டார்களே, 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. பாதை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதன்பின் சரிசெய்தும் விட்டார்கள். ஆனால் கடல் என்ன செய்யும் என்பதைக் கடல்தான் காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்குத் தேவைப்பட்டது, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்த முன்கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினியை வைத்துவிட்டு ‘வந்து பாருங்கள்’ என்று உட்கார்ந்திருந்தால் கரையில் வலையோடு நிற்கிறவன் வரமாட்டான். 2004 சுனாமியன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்து மக்கள் மையத்தின் பூட்டை உடைத்து அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பினார்கள். அந்தப் பயன்பாட்டை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

லிவிங் லேப் என்ற பெயருக்காக நிர்வாகம் கட்டடம் ஏதாவது கட்டக் கிளம்பினால் தடுத்துவிடு. எம்.ஐ.டி.யில் கட்டடக்கலைப் பேராசிரியர் வில்லியம் மிட்செல் போன்றோர் இந்த யோசனையைப் பேசிய காலத்தில், 2004இல், உணர்விகள் (சென்சார்கள்) பதித்த ஓர் அடுக்ககத்தில் ஆட்களைச் சில நாள் குடிவைத்துப் பார்த்தார்கள். அதிலும் பலன் உண்டுதான். ஆனாலும் விருந்தாளியாகத் தங்குகிற வீட்டில் கடன்காரன் கதவைத் தட்டுவதில்லை, மாமியாரும் வருவதில்லை. 2006இல் ஐரோப்பியர்கள் இதற்கென ஒரு வலையமைப்பையே தொடங்கினார்கள். அவர்கள் பக்கம் ஊர், தெரு, மருத்துவமனை என்று மக்கள் புழங்கும் இடங்களுக்கே போனது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது.

இனி உன் இருக்கை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். உங்கள் இருக்கையில் பழகும் வாரங்களில் கை மந்தப்பட்டால் கூலி குறையும். அந்த நஷ்டத்தைத் திட்டப் பணத்திலிருந்து ஈடுகட்ட ஏற்பாடு செய். மடியில் சொளவு (முறம்) நிற்கிறதா, இலைத்தூளும் புகையிலையும் இருக்கையின் மடிப்பில் போய்ச் சேருகிறதா என்று பார். ஒற்றை அறை வீட்டில் இரவு பாய் விரிக்கும்போது அந்த இருக்கை எங்கே போகும்? முக்கியமாக, இருக்கைக்கு அச்சு வார்ப்பதற்கு முன்பே போங்கள். அச்சு வார்த்த பிறகு போனால் அவர்கள் சொல்வது எதையும் உங்களால் மாற்ற முடியாது, படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

தை பிறந்ததும் அந்தப் பக்கம் வருகிறேன். இரண்டு மாணவர்களை என்னோடு ஊருக்குள் அனுப்ப முடியுமா என்று எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்