எமது பூங்காவை விளையாடத்தக்க இடமாக்கியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட எமது ஊரின் பொதுப் பூங்காவில் கரப்பந்தாட்டத் திடலும் சிறுவர் முற்றமும் அமைக்கப்பட்டு, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவும் அங்கேயே இனிதே நிறைவுற்றுள்ள நிலையில், இவ்வேலைக்குக் கைகொடுத்த அனைவருக்கும் பூங்கா மேம்பாட்டுக் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். விழா மேடையில் நேரம் போதாமையால் பதவிகளை வாசித்துப் பொன்னாடை போர்த்துவதோடு நன்றியுரை முடிந்துவிட்டது. யார் என்ன செய்தார்கள் என்பதை ஊர் அறிய வேண்டும். தம் பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை பெய்யும் தென்மேல் பருவமழை மேட்டிலிருந்து இறங்கித் திடலின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போவதே எமது பூங்காவின் பழைய நோய். முன்னர் கொட்டிய கிரவல் எல்லாம் அப்படித்தான் ஓடையில் சேர்ந்தது. திடலில் தேங்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்றே நாங்கள் பேசிக்கொண்டிருக்க, தேயிலைத் தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டியே ஓய்வுபெற்ற பெரியவர்கள் மேட்டில் ஏறிக் கயிறு பிடித்து, தண்ணீர் திடலுக்கு வருமுன்பே அதை எங்கே மறித்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்று காட்டினார்கள். தேயிலை மலையில் வெட்டுவது போலவே சரிவுக்குக் குறுக்காக, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வோடு கான் வெட்டி, இடையிடையே மண் தங்கக் குழிகளும் விட்டார்கள். கீழ்ச்சரிவில் மானாப் புல் நடச் சொன்னவர்களும் அவர்களே. தேயிலையை மீள்நடுகை செய்யுமுன் களைத்த மண்ணைத் தேற்ற நடப்படும் அதே புல் இன்று திடலின் கீழ்ப்பக்கத்து மதிலின் அடியைப் பிடித்து நிற்கிறது. கூலி பற்றிப் பேச்செடுத்தபோது, தேநீருக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடச் சொன்னதைத் தவிர வேறெதையும் அவர்கள் கேட்கவில்லை.

அடுத்து பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும்தான் என்றாலும், சுற்றிவர 3 மீற்றராவது வெறுமையாக விட வேண்டியிருப்பதால் 24 மீற்றருக்கு 15 மீற்றர் சமதரை தேவைப்படுகிறது. மலைச்சரிவில் அவ்வளவு சமதரை எடுப்பதென்றால் ஒருபக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பி, நிரப்பிய பக்கத்துக்கு மதிலும் எழுப்ப வேண்டும். முன்பு அங்கே கட்டப்பட்ட சீமெந்து மதில், பின்னால் சேர்ந்த நீர் வெளியேற வழியின்றி வயிறு தள்ளிச் சரிந்ததை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். இம்முறை அவர் கம்பிவலைக் கூடைகளில் கருங்கல் அடுக்கும் முறையைத் தேர்ந்தார். கல்லுக்கிடையே நீர் கசிந்து போய்விடுவதால் மதிலின் முதுகில் பாரம் ஏறுவதில்லை. விடுமுறை நாளிலும் வந்து பார்வையிட்ட அவர், உள்ளே பொடிக்கல்லைக் கொட்டி மேலே பெரிய கல்லை வைத்து மூடப் பார்த்த இளைஞர்களைக் கூடையைப் பிரித்து மீண்டும் அடுக்க வைத்தார். அன்று முணுமுணுத்த அவர்களின் நன்றியும் இதில் அடங்கும்.

அந்தக் கற்களைச் சுமந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பின்னேரக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அவர்களுக்கும், மீதி நாள் சம்பளத்தை விட்டு அரைப் பெயரோடு (அரைநாள் வேலைப் பதிவோடு) மலையிலிருந்து இறங்கி வந்த தொழிலாளர்களுக்கும் எந்தச் சொல்லால் நன்றி கூறினாலும் குறைவாகவே இருக்கும்.

ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. இரண்டு உயரத்திலும் வலையைக் கட்டத்தக்கதாகக் கம்பங்களில் கொளுவிகளை ஒட்டி, மழைக்குத் துருப்பிடிக்காதவாறு பூச்சும் பூசித் தந்த வெல்டிங் கடை உரிமையாளர், இரும்புக்கு மட்டுமே விலை வாங்கினார். எனினும் வலையை இறக்க முடியாவிட்டால் அது ஆண்பிள்ளைகளின் திடலாகவே இருந்துவிடும் என்று மாதர் சங்கத்தினர் கூட்டத்தில் எழுந்து சொல்லியிராவிட்டால் அந்த யோசனையே பிறந்திராது. மாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரை பெண்பிள்ளைகளுக்கே என்ற ஒதுக்கீடும் அவர்கள் வாதாடிப் பெற்றதுதான். 1991 முதல் கரப்பந்தாட்டமே நாட்டின் தேசிய விளையாட்டு என்றாலும், கிரிக்கெட் மட்டை பிடிக்காத ஒருவரை விளையாட்டு வீரராகவே எண்ணாத ஊர் எங்களுடையது. அந்த எண்ணம் இனிக் கொஞ்சம் அசையலாம்.

பூங்கா சபைக் காணியில் இருந்தாலும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து அதற்கு வரும் குறுக்குப்பாதை தோட்டக் காணியூடாகச் செல்கிறது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 ஆம் பிரிவைக் காரணம் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவது நெடுங்காலம் தட்டிக்கழிக்கப்பட்டது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வழி திறந்தது. திறந்த வழியில் கோப்பு நகர்வதற்கும் ஆள் வேண்டுமல்லவா? சம்மதக் கடிதம் தந்த தோட்ட முகாமையாளருக்கும், பழைய வரைபடத்தைத் தேடியெடுத்த கிராம உத்தியோகத்தருக்கும் எமது நன்றி உரியது.

சேறு இராது என்று ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் கீழே சீமெந்து போட முனைந்தபோது, விழுகிற பிள்ளையின் தலையை நினைத்துப் பாருங்கள் என்று தடுத்தவர் குடும்ப நல உத்தியோகத்தர். அதன்படி ஓரடி ஆழத்துக்கு மணல் பரப்பக் கட்டடப்பொருள் வியாபாரி ஒருவர் தமது லொறியிலேயே மணலை அனுப்பினார். சிரமதான நாட்களில் விகாரையிலிருந்து கதிரைகளும், பள்ளிவாசலிலிருந்து சமையல் பாத்திரங்களும், கோயில் கமிட்டியிடமிருந்து ஜெனரேட்டரும் கேளாமலே வந்தன.

மலசலகூடத்துக்கு இன்னும் குழாய்நீர் இணைப்புக் கிடைக்கவில்லை, மின்விளக்குகளும் பொருத்தப்படவில்லை. பந்து தேயிலைக்குள் போகாமல் தடுக்கும் வேலியும் அரைகுறையாகவே நிற்பதால், காவற்காரரின் பொறுமையை அதிகம் சோதிக்க வேண்டாம் என்று வீரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் பூங்கா வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. பருவமழை தொடங்குமுன் கானில் தங்கிய மண்ணை அள்ள வேண்டியுள்ளது. வர விரும்புவோர் மண்வெட்டியுடன் வரலாம்.

இங்ஙனம்,
செயலாளர்,
பூங்கா மேம்பாட்டுக் குழு