பென்சில் கோடு போட்ட உன் மோகமுள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்துகிறது, முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கும் முட்டி வலிக்கிற மாதிரி இருந்தது. இங்கே மேற்கு மாம்பலத்தில் எல்லாரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான், பேத்தி எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறாள், என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுக்கப் புத்தகம் பற்றித்தான், பொறுமையாகப் படி.

எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடிப் படித்ததைப் பேசுகிறோம் என்று போன வருஷம் சொன்னேன் இல்லையா, அது இப்போது பன்னிரண்டு பேர் ஆகியிருக்கிறது. பாய் விரித்து உட்காருவோம், யாராவது சுண்டல் செய்துகொண்டு வருவார்கள், இருட்டும்வரை பேச்சு. ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: "நல்லா இருந்தது", "கட்டாயம் படிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. எந்த இடத்தில் நின்றாய், எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய், எதை இரண்டாம் முறை படித்தாய் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போதுதான் அந்த மனுஷி யார் என்றே தெரிகிறது, செல்வி. நாலு வருஷமாக லிஃப்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்களை நான் இந்தப் பேச்சில்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது மாடி அக்காவுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுத்திருந்தேன். அக்கா வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் வாழ்க்கையில் பாதி தண்ணீர்க் குடத்தோடு போயிற்று என்பார். எனக்கு அந்த நாவலில் பிடித்தது ஜமுனா. சினிமாவில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பி, பாஸ்கர் ராவ் கூப்பிட்டால் மறுக்க முடியாமல் போய், தங்கை சாயாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறாளே, அந்தத் தவிப்பைப் பற்றித்தான் அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். அக்கா ஜமுனாவைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னார், பாவம் என்று. அப்புறம் முழுக்க டீச்சரம்மாவைப் பற்றியே பேசினார். நோயாளிக் கணவனையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய், குடத்தோடும் அலைகிற அந்த டீச்சரம்மா தன் கதையை ஜமுனாவிடம் சொல்கிறாளே, அது எப்படி வாயில் வந்தது தெரியுமா, இரண்டு பேரும் தண்ணீருக்கு அலைகிறவர்கள் என்பதால்தான் வந்தது என்றார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள் இல்லையா, அந்தச் சமயத்தில் அக்காவின் தெருவில் லாரி வரும்வரை குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நிற்பார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் அக்காவிடம் தன் புருஷன் அடிக்கிற கதையை முதல் தடவையாகச் சொன்னது அந்த வரிசையில் நின்றுதானாம். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள், காலிக் குடத்தோடு நிற்கும்போது வெட்கம் போய்விடுகிறது என்றார் அக்கா.

நான் அந்த நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. என் வீட்டில் அப்போதும் மோட்டார் இருந்தது, கிணறு வற்றியதும் காசு கொடுத்து லாரி வரவழைத்தோம். அதனால்தான் எனக்கு ஜமுனா தெரிந்தாள், டீச்சரம்மா தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி மறுபடி எடுத்து டீச்சரம்மா வருகிற பக்கங்களை மட்டும் படித்தேன். வேறு புத்தகம் மாதிரி இருந்தது.

கீழ் வீட்டுப் பையன் ஒருவன் வருகிறான், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவன். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க இடம் இருக்கிறதே, அங்கேதான் காலையிலிருந்து சாயங்காலம்வரை இருப்பான். 'அசுரன்' படம் பார்த்துவிட்டு, அதற்கு மூலமான பூமணியின் 'வெக்கை' நாவலைத் தேடிப் படித்திருக்கிறான். படத்தில் இருக்கிற சண்டைக்காகப் போனவனைப் புத்தகத்தில் பிடித்துக்கொண்டது காட்டுக்குள் அப்பாவும் பிள்ளையும் சமைத்துச் சாப்பிடுகிற இடங்களாம். கொலை செய்துவிட்டு வந்த பதினைந்து வயதுப் பையனுக்கு அப்பன் சோறாக்கிப் போடுகிறார், என்னால் படத்தை மறுபடி பார்க்க முடியவில்லை ஆன்ட்டி என்றான். அவன் அப்பா துபாயில் இருக்கிறார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் பெரிய சண்டையே நடந்தது, ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தால். நீயும் நானும் ஹாஸ்டலில் படித்துவிட்டு விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தோமே, அதே கதை. மழையில் நின்ற பெண் காரில் ஏறி, கெட்டுப்போனேன் என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வர, அம்மா தலையில் தண்ணீரைக் கொட்டி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எங்கள் குழுவில் மூத்தவர், எண்பது வயது ஐயா ஒருவர், 1966-இல் ஆனந்த விகடனில் அது வந்தபோது இருபதுகளில் இருந்தவர். அவர் வீட்டில் அம்மாவும் அத்தையும் அதை வைத்து ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லையாம். எந்த அம்மா இப்படிச் செய்வாள் என்று அத்தை, செய்தால் என்ன தப்பு என்று அம்மா. ஊர் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடியிருக்கிறது. அதற்கப்புறம்தான் ஜெயகாந்தன், அந்த அம்மா அப்படிச் செய்யாமல் போயிருந்தால் பெண்ணின் கதி என்ன என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார், அதற்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதையை ஒரு எழுத்தாளர் எழுதியிருக்கிறார், நாயகி கங்கா அதைப் படிக்கிறாள் என்று வருமே, நினைவிருக்கிறதா? ஐயா இதைச் சொல்லி முடித்ததும் ஐடியில் வேலை செய்கிற ஒரு பெண் எழுந்து, தண்ணீர் எதுக்கு ஊற்றணும், அவள் அழுக்கானாள் என்று முதலில் யார் சொன்னது என்று கேட்டாள். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு அம்மா அவ்வளவு செய்தது எத்தனை பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது என்றார். அவர் சொன்னதும் சரி, அவள் கேட்டதும் சரி. சுண்டல் அப்படியே ஆறிப்போயிற்று, பாதிப் பேர் சாப்பிடவில்லை. அறுபது வருஷம் கழித்தும் ஒரு கதையால் இவ்வளவு செய்ய முடிகிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

சரி, இப்போது உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே, மேலே எழுதியதெல்லாம் அதற்கு வர எனக்கு வேண்டியிருந்த தைரியம்.

கோடி வீட்டு அம்மா ஒருவர் ஆறு மாதம் முன்னால் சேர்ந்தார். அதிகம் பேச மாட்டார், வாரப் பத்திரிகை தவிர எதுவும் படித்ததில்லை என்றார். விறுவிறு என்று போகிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. இமையத்தின் 'செல்லாத பணம்' நான் இரண்டே ராத்திரியில் முடித்த புத்தகம், அலமாரியில் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ படித்திருக்கிறாயா தெரியவில்லை. வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டுகிற பையனைக் கட்டிக்கொண்ட பெண் தீயில் கருகி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், தீக்காயப் பிரிவுக்கு வெளியே பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள், கையில் இருக்கிற பணம் எதற்கும் உதவவில்லை. நாவலில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புத்தான்.

நாலாம் நாள் புத்தகம் ஒரு துணிப்பையில் என் கதவில் தொங்கியது. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, கனமான எழுத்து அவருக்குப் பழக்கமில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன், அப்படி நினைத்ததை எழுதவே கை கூசுகிறது. அப்புறம் மூன்றாவது மாடி அக்காதான் சொன்னார். அந்த அம்மாவின் தங்கை இருபத்து நாலு வயதில் தீக்காயத்தில் போனவள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான்.

நான் அன்றைக்கே போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி போட்டுக் கொடுத்தார். ரொம்ப நேரம் கழித்து, புத்தகத்தில் பொய் இல்லை, அதனால்தான் மேலே போக முடியவில்லை என்றார். அந்த அம்மா அப்பா வெளியே நிற்கிற இடத்தில் நானும் போய் நின்றுவிட்டேன், அங்கேயே மூடிவிட்டேன் என்றார். எழுதியவரும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பார் போல என்றும் சொன்னார். நான் வாசித்த எந்த விமர்சனமும் அந்தப் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை. ஆனால் அதை அவர் சொல்ல நேர்ந்ததற்கு நான் காரணம், அது இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது நான் புத்தகம் கொடுக்கும் முன் கேட்கிறேன். எது வேண்டாம் என்று முதலில் கேட்கிறேன், எது பிடிக்கும் என்பது அப்புறம். அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். ஊர், மரம், பாட்டி கதை மாதிரி ஏதாவது கொடுங்கள் என்றார். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' கொடுத்தேன், கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன், ஆரம்பத்திலேயே காதில் போட்டிருக்கிற பாம்படத்துக்காகத் தண்ணீர்க் கரையில் ஒரு பெண்ணை ஒரு கள்ளன் கொன்றுவிடுவான், வேண்டுமானால் அதைத் தாண்டிப் படியுங்கள் என்று. அவர் தாண்டவில்லையாம். படித்தேன், அவன் பிடிபட்டான், அது போதும் என்றார். நூற்றுமுப்பத்தேழு வயது மங்கத்தாயாரு அம்மாள் தங்கள் ஜனம் தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்த கதையைச் சொல்கிற இடத்தைத் தன் அம்மாவுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினாராம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் உனக்குக் கூப்பிடு தூரம்தானே, கி.ரா.வின் ஊர் இடைசெவல் பக்கம் எப்போதாவது போனால் எனக்கு நாலு வரி எழுது, அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

இதற்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பாய். தி. ஜானகிராமனின் மோகமுள், செல்வி. மூர் மார்க்கெட்டில் நீ பேரம் பேசி வாங்கிய அந்தப் பிரதி. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோயிற்று என்று கேள்விப்பட்டபோது நான் முதலில் நினைத்தது அந்தப் புத்தகத்தைத்தான், நல்லவேளை நாம் அதற்கு முன்னால் வாங்கிவிட்டோம் என்று. நான் யமுனா மேல் பாபுவுக்கு இருந்த காதல், ரங்கண்ணாவின் சங்கீதம் என்று உருகிக்கொண்டிருந்தேன். நீ முடித்துவிட்டு, எல்லாரும் பாபுவின் தவிப்பையே பேசுகிறீர்கள், யமுனா வீட்டில் நாளைக்கு அரிசிக்கு என்ன வழி என்று யாரும் ஏன் கேட்கவில்லை என்றாய். நான் உனக்கு ரசனை இல்லை என்று சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ பதில் பேசவில்லை. அந்த வருஷம் உன் அப்பாவுக்கு மில் மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோடி வீட்டு அம்மா வீட்டில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன். புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, பரணில், உன் கையெழுத்தோடு. யமுனாவின் கஷ்ட காலம் வருகிற பக்கங்களில் ஓரத்தில் மெல்லிசாகப் பென்சில் கோடு போட்டிருக்கிறாய். ஒரு இடத்தில் "பசி" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நான் அப்போது அதைப் பார்த்திருக்க வேண்டும். இந்த மாதம் முழுக்க உன் கோடுகளைப் பிடித்துக்கொண்டே படித்தேன். நீ சொன்னது சரி. மாடியில் அடுத்த கூட்டத்தில் மோகமுள்ளைப் பற்றி நான்தான் பேச வேண்டும், என் தோழி ஒருத்தி அன்றைக்கே இப்படிப் படித்தாள் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கப்போகிறேன், உனக்குச் சம்மதம் என்றால்.

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது வாயேன். முட்டி வலிக்கு ஒவ்வொரு வரிசையாக, ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று பார்க்கலாம், நடுவில் உட்காரலாம். வர முடியாது என்றால் புத்தகத்தைக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன், அட்டையை மட்டும் பைண்டிங் கடையில் கொடுத்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பென்சில் கோட்டில் கை வைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.

உன்,
வசந்தி