கடற்கன்னியின் தோல் நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் கோப்பி குடிக்கும்போது பேச்சு எப்படியோ கடற்கன்னிப் படத்துக்குப் போனது. 2023இல் வந்த டிஸ்னி படத்தில் கடற்கன்னி ஏரியலாக ஹாலி பெய்லி என்ற கறுப்பினப் பெண் நடித்ததை என் தோழி இன்னமும் ஏற்கவில்லை. “டென்மார்க் கதையாச்சே!” என்றார். அந்நாட்டு எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதைதான், சரி. இடுப்புக்குக் கீழே மீன்வால் இருப்பதை நம்பிவிட்டார். தோல் நிறம்தான் இடிக்கிறதாம்!

எனக்கு 9 வயதில் பள்ளி நாடகத்தில் தேவதையாக நடிக்க ஆசை. வசனமெல்லாம் மனப்பாடம். ஆசிரியை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரமாக நிற்கச் சொன்னார். இரண்டு கையிலும் அட்டை இலைகளைப் பிடித்தபடி நின்றேன். மேடையில் தேவதை வசனத்தை மறந்தபோது அடி எடுத்துக் கொடுத்தது மரம்தான்.

அதற்காக யாரும் எந்த வேடமும் கட்டலாம் என்று சொல்லவில்லை. 2019இல் இங்கே சிங்கப்பூரில் வந்த மின்னிலக்கக் கட்டண விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் முகத்தில் கருமை பூசி இந்தியராக வந்தது வேறு சங்கதி. அங்கே நம் தோலே வேடமாகிவிட்டது. கூப்பிட்டிருந்தால் நடிக்க இங்கே நம் ஆள் இல்லையா?

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தமிழ்ப் படத்தில் கிராமத்துப் பெண்ணாக வடக்கிலிருந்து வெள்ளைத்தோல் நடிகையைக் கூட்டி வந்து இரவல் குரல் கொடுத்தால், வாயை மூடிக்கொண்டு பார்க்கிறோம். இதைத் தோழியிடம் கேட்டேன். கோப்பி ஆறுகிறது என்றார்.

ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்