ஆண்டறிக்கை 2024–2025: கச்சேரி நோட்டீஸ்கள் சொல்லும் கும்பகோணத்து இசை வரலாறு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். நூலகப் பராமரிப்பு, மாதக் கூட்டங்கள், சந்தா வசூல் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த பணிக்கே ஒதுக்கியுள்ளேன். கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த கச்சேரிகளின் நோட்டீஸ்கள், சுவரொட்டிகள், கோயில் திருவிழாப் பத்திரிகைகள் ஆகியவற்றைத் திரட்டி, காலவரிசைப்படுத்திப் பாதுகாப்பதே அப்பணி.

இதன் தேவையைப் பற்றிச் சில சொற்கள். காவிரிக் கரை இசைக்குப் பேர்போனது என்பதை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். நாதசுரம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் மகாலிங்கம் போன்ற மேதைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அவர்கள் எந்தத் தெருவில், எந்த உற்சவத்தில், யாருடைய செலவில், எந்தப் பக்கவாத்தியத்தோடு வாசித்தார்கள் என்பதை அறிய அந்தந்த நாளில் அச்சான ஒற்றைத் தாளை விட்டால் பெரும்பாலும் வேறு சான்று இல்லை. அந்தத் தாளைத்தான் நாம் ஆண்டுதோறும் போகியன்று கொளுத்தி வருகிறோம்.

இவ்வாண்டு உறுப்பினர் இல்லங்களிலிருந்தும், மூடப்பட்ட பழைய அச்சகங்களின் பரண்களிலிருந்தும், உபயதாரர் குடும்பங்களின் கணக்குக் கட்டுகளிலிருந்தும் வந்தவற்றுள் திருவிழாப் பத்திரிகைகளே மிகுதி. சுவரொட்டிகள் மிகக் குறைவு, அதில் வியப்பில்லை. மைதா பசையில் மயில்துத்தம் கலந்து சுவரில் ஒட்டப்பட்ட தாள் அடுத்த ஐப்பசி மழையைத் தாண்டுவதில்லை. நம் கைக்கு வந்திருப்பவை ஒட்டப்படாமல் மிஞ்சி, அச்சகத்திலேயே தங்கிவிட்ட பிரதிகள். கையில் கொடுத்த நோட்டீஸ்களோ ரோஜா நிறத்திலும் மஞ்சளிலும் அச்சிட்ட மெல்லிய தாள்கள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து அழியாமல் இருக்கின்றன.

பணியில் மிகுந்த காலத்தை எடுத்துக்கொண்டது ஆண்டைக் கண்டறிவதுதான். பழைய நோட்டீஸ்களில் பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. 'தாரண வருஷம் தை மாதம்' என்று தேதியும் கிழமையும் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாரண என்பது 1944–45ஆகவும் இருக்கலாம், 2004–05ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் பார்த்தே இவ்விரண்டுள் ஒன்றைத் தள்ளிவிடலாம் என்றாலும், தேதியும் கிழமையும் பஞ்சாங்கத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே பதிவேட்டில் ஏற்றினோம். கட்டணம் நல்ல துணை செய்தது. அணாக் கணக்கில் கட்டணம் குறித்தவை 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தியவை என்றும், 'ந.பை.' என்று அச்சிட்டவை அதன் பின் நயா பைசா என்ற பெயர் வழங்கிய 1964 வரையிலானவை என்றும் கொண்டோம். அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அது 1972க்குப் பிந்தியது. மாயவரம் என்றிருந்த ஊர் மயிலாடுதுறை என்று மாறியிருப்பதும் ஒரு குறிப்பே. எனினும் மக்கள் நாவில் பழைய பெயர் நெடுநாள் நீடித்ததால் அதை மட்டும் நம்பி நாள் குறிப்பது பிழையாகும்.

எழுத்து வடிவத்தைப் பற்றி உறுப்பினர்களிடையே நல்ல விவாதம் நடந்தது. லை, ணை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற பழைய கொம்புடன் அச்சிட்ட தாள் 1978ஆம் ஆண்டின் அரசாணைக்கு முந்தியது என்று முதலில் எளிதாகத் தோன்றியது. ஆனால் ஈய எழுத்துகளைப் புதிதாக வாங்க வசதியில்லாத சிறிய அச்சகங்கள் ஆணைக்குப் பின்னும் இருந்த எழுத்தையே கோத்து வந்தன. மறுபுறம், பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டதால், இயக்கச் சார்புள்ள அச்சகங்கள் அரசாணைக்கு வெகுகாலம் முன்பே அவ்வெழுத்தைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்புண்டு. எனவே எழுத்தைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்வதென்று முடிவாயிற்று. தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரும் ஊருமே பல நேரங்களில் உறுதியான பிடியைத் தந்தன. அந்த வரியைக் கத்தரித்துவிட்டுப் படம் மட்டும் எடுத்து வைத்திருக்கும் அன்பர்கள் இனி முழுத்தாளையும் பாதுகாக்க வேண்டுகிறேன்.

அச்சும் இசையும் நம் வட்டாரத்தில் சேர்ந்தே வளர்ந்தவை என்பதற்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைவிடச் சிறந்த சான்று இல்லை. 1912 முதல் தம் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டிய அவர், 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆராய்ச்சி நூலைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய மாநாடு தொடர்பான அழைப்பிதழ் எதுவும் உறுப்பினர் யாரிடமேனும் இருக்குமானால், அதன் நகலையாவது சங்கத்துக்குத் தந்துதவ வேண்டும்.

ஒரு வித்துவானின் பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி நிற்கிறது என்பதைக் கவனித்தாலே காலம் தெரிகிறது. தொடக்கத்தில் சமஸ்தானத்தின் பெயரோ ஆதீனத்தின் பெயரோ நின்றது. பிறகு இசைத்தட்டுக் கம்பெனியின் பெயர் வந்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கியபின் 'ரேடியோ புகழ்' என்பது மதிப்புக்குரிய பட்டமாயிற்று. அதைத் தொடர்ந்து சினிமா புகழ், தொலைக்காட்சி புகழ் என்று வளர்ந்து, இன்றைய ஃபிளெக்ஸ் பேனர்களில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் பெயரே பாடகரின் பெயரைவிடப் பெரிதாக நிற்கிறது. பட்டம் வழங்கும் இடம் அரண்மனையிலிருந்து ஒலிபரப்பு நிலையத்துக்கு மாறிய வரலாற்றை வேறெந்த ஆவணமும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை என்பது என் கருத்து. 'ஒலிபெருக்கி வசதி உண்டு' என்ற வரி இதே வரலாற்றின் இன்னொரு முகம். ஒலிபெருக்கி வருவதற்கு முன் கணீரென்ற மேல்ஸ்தாயிக் குரல் இல்லாதவர் கோயில் பிராகாரத்துக் கூட்டத்தின் முன் பாடிப் பெயரெடுப்பது அரிதாக இருந்தது.

இப்பணியில் என் மனத்தை மிகவும் ஈர்த்தது பக்கவாத்தியக்காரர்களின் வரிசை. நம் ஊர்க்காரரான பிடில் ராஜமாணிக்கம் பிள்ளை தம் காலத்துப் பெரும் பாடகர்களுக்கெல்லாம் வாசித்து, 1948இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றவர்; எம்.எம். தண்டபாணி தேசிகரின் குருவாகவும் விளங்கியவர். அவருடைய பெயரை நாடு அறியும். ஆனால் ஒரு நோட்டீஸில் பாடகர் பெயருக்குக் கீழே மூன்றாவது, நான்காவது வரியில் சிறிய எழுத்தில் நிற்கும் கடம், கஞ்சிரா, மோர்சிங் கலைஞர்களுள் பலருக்கு, அவர்கள் வாழ்ந்தார்கள், வாசித்தார்கள் என்பதற்கு அந்த வரியே எஞ்சிய சான்றாக இருக்கிறது. நாதசுரக் கச்சேரிகளில் தவிலுக்கு நிலை சற்று மேலானது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றோரின் கீர்த்தியால் 'ஸ்பெஷல் தவில்' என்று தனி வரியில் தவில்காரரின் பெயரைப் போடும் வழக்கம் நிலைத்தது. ஆனால் இரவு முழுவதும் சுவாமி புறப்பாட்டில் கூடவே நடந்து, நாதசுரத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்து ஊதியவரின் பெயரையோ, தாளம் போட்டவரின் பெயரையோ நாம் இதுவரை பார்த்த எந்தத் தாளிலும் காணவில்லை. அச்சில் வராத இப்பெயர்களை மூத்த இசைவாணர் குடும்பங்களிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்யும் வேலை தொடங்கிவிட்டது. இதைத் தாமதிக்கவே கூடாது, தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அச்சிட்ட அழைப்பு எல்லோரையும் வரவேற்றாலும், அக்கச்சேரிகள் எல்லோருக்கும் எட்டவில்லை என்பதையும் அறிக்கையில் பதிய வேண்டியது கடமை. 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வரும்வரை, கோயிலுக்குள் நடந்த கச்சேரியைக் கேட்க நம் மக்களில் கணிசமான பகுதியினர் உள்ளே செல்லவே இயலாது. திருவையாற்று ஆராதனையில் பெண்கள் பாடத் தடை இருந்ததால், தியாகராஜரின் சமாதியில் ஆலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே பெண்களுக்கென்று தனி விழா நடத்த நேர்ந்ததும், தனித்தனியே ஆராதனை நடத்திவந்த பெரிய கட்சி, சின்ன கட்சி, பெண்கள் கட்சி ஆகியவை 1940இல் ஒன்றான பின்னரே பொது விழா அமைந்ததும் நாம் அறிந்தவை. பழைய நோட்டீஸ்களைக் காட்சிக்கு வைக்கும்போது இவ்விவரங்களையும் பக்கத்தில் எழுதி வைப்பதென்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

தொகுப்பு கர்நாடக இசையோடு நின்றுவிடக் கூடாது என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தியதை வரவேற்கிறேன். நாடகக் கம்பெனிகளின் நோட்டீஸ்கள், நாகூர் கந்தூரி விழாப் பத்திரிகைகள், மெல்லிசைக் குழுக்களின் சுவரொட்டிகள் ஆகியவையும் இந்த ஊர்களின் இசைதான். நாகூர் இ.எம். ஹனிபாவின் குரல் தர்கா விழாவிலும் ஒலித்தது, அரசியல் மாநாட்டு மேடையிலும் ஒலித்தது. ஆகவே கட்சி மாநாட்டு நோட்டீஸும் இசை ஆவணமே என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டோம். எண்பதுகளுக்குப் பிந்திய மெல்லிசைச் சுவரொட்டிகள் நம்மிடம் மிகக் குறைவாக உள்ளன. பழையவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் இவற்றை எளிதாகத் தூக்கி எறிந்துவிடுகிறோம். ஃபிளெக்ஸ் பேனரோ நிகழ்ச்சி முடிந்த மறுநாளே கொட்டகைக் கூரைக்குப் போய்விடுகிறது. அதை நிழற்படம் எடுத்து வைப்பதே நடைமுறையில் சாத்தியம்.

பாதுகாப்பு முறை குறித்து ஒரு வேண்டுகோள். தாளுக்கு லேமினேஷன் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சள் கறை ஏறும். குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிட்டு, தாளை விரித்து, தரையிலிருந்து உயர்ந்த ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கொடுக்க மனமில்லாதவர்கள் கொண்டுவந்தால் சங்க அறையிலேயே ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருகிறோம்.

அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்குள் பதிவேட்டை முடித்து, மகாமகத்தையொட்டி இத்தொகுப்பை ஊர் மக்களின் பார்வைக்கு வைக்கச் செயற்குழு விரும்புகிறது. 1945, 1956, 1968, 1980, 1992, 2004, 2016 ஆகிய மகாமக ஆண்டுகளின் கச்சேரி நோட்டீஸ்கள் எந்த நிலையில் இருந்தாலும் முதலில் அவற்றைத் தந்துதவ வேண்டுகிறேன். கரையான் ஏறாத இரும்பு அலமாரி ஒன்றும், அமிலமற்ற உறைகளும் வாங்குவதற்கான தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் உள்ளது. அதற்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்