உன் குரல் எனக்கு மூன்று நாள் தேவைப்படுகிறது

ஏற்காடு
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

இங்கே அனைவரும் நலம். உன் மூட்டுவலியும் நீயும் ஒற்றுமையாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தியின் காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று நீ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது மலை ஏறி என் காதுக்கும் வந்துவிட்டது. பூமழை இந்த ஆண்டு நன்றாகப் பெய்தது, காப்பிச் செடிகள் ஒரே இரவில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன, மிளகு சுமார்தான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் பித்தப்பையில் கல் இருக்கிறது. வருகிற புதன்கிழமை சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதை எடுக்கிறார்கள். வயிற்றில் துளையிட்டுச் செய்யும் அறுவைதான். மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். கோடை விழாக் கூட்டம் மலைப் பாதையை அடைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தியது நான்தான். கத்தியைப் பற்றியோ மயக்க மருந்தைப் பற்றியோ எனக்குப் பெரிய பயம் எதுவும் இல்லை. பித்தப்பையை எடுக்க வந்த இடத்தில் என் பார்க்கின்சன் நோயை எல்லோரும் மறந்துவிடுவார்களே என்பதுதான் என் பயம். சர்ஜன் கல்லைப் பார்ப்பார், செவிலியர் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார், காப்பீட்டுக்காரர் அட்டையைப் பார்ப்பார். கடிகாரத்தை யார் பார்ப்பார்கள்?

பார்க்கின்சன் என்றால் கை நடுங்குவது என்றுதான் நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நடுக்கம் அதில் சிறு பகுதி. உடம்பை அசையச் சொல்லும் டோபமைன் மூளையில் வற்றிக்கொண்டே வருகிறது. அதை லெவோடோபா மாத்திரையால் ஈடுகட்டுகிறோம். அந்த மருந்து ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை, ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். நோய் புதிதாக இருந்தபோது மூளைக்குக் கொஞ்சம் சேமித்துவைக்கும் சக்தி இருந்ததால் ஒரு வேளை பிந்தினாலும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அந்தச் சேமிப்பு இல்லை. ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி, மீண்டும் ஆறு மணி என்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கினால்தான் நான் மனுஷி. பத்து மணி மாத்திரை பதினொன்றாகிவிட்டால், வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறேன். இங்கிலாந்தில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான அமைப்பு, மருத்துவமனைகளில் இந்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்று 2006 முதல் ஓர் இயக்கமே நடத்திவருகிறது. குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்கு மேல் தள்ளக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. நம் வார்டுகளிலோ மாத்திரைத் தள்ளுவண்டி எட்டு மணிக்கு, ஒரு மணிக்கு, மறுபடி எட்டு மணிக்கு வரும்.

சேலத்தில் குகைப் பகுதியில் இருக்கிற குகை மாமாவை உனக்கு நினைவிருக்கும். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துச் சந்தையில் சண்டை வாங்குவாரே, அவருக்கும் இதே நோய். சென்ற ஐப்பசியில் சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் என்று ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். எது என்று எழுதப்போவதில்லை. சீட்டில் ‘தினம் நான்கு வேளை’ என்றுதான் இருந்தது, மணி இல்லை. அவர்கள் வசதிப்படி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் வாந்தி வந்தது. அதற்கு ஓர் ஊசி போட்டார்கள். நான் பார்க்கப் போனபோது மாமா ஒருக்களித்துப் படுக்க முயன்று பாதியிலேயே நின்றுபோய், வலக்கையால் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. அந்தக் கையை அவரால் விடவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. எச்சில் தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. ‘பெரியவர் ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறார்’ என்றார் செவிலியர். வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று உறவினர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து நரம்பியல் மருத்துவர் வந்து, அந்த ஊசியை நிறுத்தி, மாத்திரையை மணி குறித்து எழுதிக் கொடுத்த பிறகு சில நாட்களில் மாமா எழுந்து உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரை குறைவு என்று திட்டினார். அந்த வசையைக் கேட்டு அத்தை அழுதார்.

அந்த ஊசி பெரிநார்ம், மல்லிகா. மெட்டோகுளோபிரமைடு என்பது மருந்தின் பெயர். வாந்திக்கு எங்கும் சாதாரணமாகப் போடுவது. மற்றவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் அது மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். வாந்திக்குப் போடும் ஸ்டெமெடிலும் அப்படித்தான். அறுவைக்குப் பின் நான் உளறினாலோ, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொன்னாலோ, அமைதிப்படுத்தப் போடும் செரினேஸ் என்கிற ஹாலோபெரிடால் இவை எல்லாவற்றிலும் மோசம். இவை மூன்றும் எனக்குக் கூடாது. வாந்திக்கு ஒண்டான்செட்ரான், அதாவது எமிசெட், போடலாம் என்று என் நரம்பியல் மருத்துவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். உளறினால் முதலில் அவரைக் கூப்பிட வேண்டும். உளறலில் விடுதிக் காலத்துக் குடை விவகாரத்தை நான் சொல்லிவிடுவேனோ என்று நீ கவலைப்படுவாய். அதற்காகவாவது பக்கத்திலேயே இரு.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் இரவில் ராசஜிலின் என்று ஒரு மாத்திரையும் போடுகிறேன். அதோடு பெத்திடினோ ட்ரமடாலோ சேர்ந்தால் ஆபத்து; அவை இரண்டும் அறுவைக்குப் பின் வலிக்கு வழக்கமாகப் போடுகிற மருந்துகள். மயக்க மருந்து தரும் டாக்டரை முன்கூட்டியே சந்தித்து இதைச் சொல்லிவிட்டேன். அவர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார், வேறு வலி மருந்து தருவதாக எழுதிக்கொண்டார். நள்ளிரவுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று வார்டில் சொல்லுவார்கள். ஆனால் காலை ஆறு மணி மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்க அவர் அனுமதி தந்திருக்கிறார், என்னை அன்றைய முதல் அறுவையாகவும் வைத்திருக்கிறார். இந்த அனுமதி அவர் தலையில் இருக்கிறது. அதிகாலையில் டியூட்டியில் இருக்கும் செவிலியரின் தலையில் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. திடீரென்று லெவோடோபாவை நிறுத்தினால், அரிதாகத்தான் என்றாலும், கடும் காய்ச்சலும் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். அதனால்தான் இத்தனை பாடும்.

மாத்திரைகளை அவர்கள் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் என் சொந்த அட்டைகளை, வெட்டாமல், பெயர் தெரியும்படி எடுத்துப் போகிறேன். நான் போடும் சிண்டோபா பிளஸில் லெவோடோபா 100 மில்லிகிராமுக்குக் கார்பிடோபா 25. சிண்டோபா 110 என்பதில் அதே 100க்கு 10தான். மருந்து மூளைக்குப் போகும் வழியில் வீணாகாமல் தடுப்பதும் குமட்டலைக் குறைப்பதும் அந்தக் கார்பிடோபாதான். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்து, குமட்டல் வந்து, குமட்டலுக்குப் பெரிநார்ம் போட்டால் கதை எங்கே போய் முடியும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இரவு போடும், மெதுவாக மருந்தை விடும் சி.ஆர். மாத்திரையை நுணுக்கவோ கடிக்கவோ கூடாது. பாலோ முட்டையோ பருப்போ மாத்திரையோடு சேர்ந்து உள்ளே போனால் மருந்து சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு விழுங்கிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் மருமகளைக் கொண்டு எழுதவைத்து, நகல் எடுத்திருக்கிறேன். ஒன்று கேஸ் ஷீட்டோடு, ஒன்று கட்டில் தலைமாட்டில், ஒன்று உன் கைப்பையில். அப்பாவின் பழைய சேலம் வெண்பட்டு வேட்டியையும் எடுத்து வைத்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே அதை விரித்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு திரும்பிப் படுக்கலாம், பருத்தி விரிப்பில் உடம்பு அசைய மறுக்கிறது. ‘பட்டு வேட்டியை ஆஸ்பத்திரிக்கா’ என்று எங்கள் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். பின்வார் வைத்த செருப்பு, கைப்பிடி உள்ள டம்ளர், போன் சார்ஜர் எல்லாம் பையில் ஏறிவிட்டன.

ஏறாமல் இருப்பது குரல் ஒன்றுதான். இந்த நோய் என் குரலைத் தாழ்த்திவிட்டது. நான் கத்துவதாக நினைத்துப் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. முகமும் அசைவதில்லை, வலித்தாலும் தெரியாது, சிரித்தாலும் தெரியாது, சும்மா இருந்தால் சிடுமூஞ்சி என்று நினைக்கிறார்கள். முப்பது ஆண்டு வகுப்பறையை அடக்கிய குரலடி இது! எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி உனக்கே தெரியும். செவிலியர் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றால் மறுநாள் வரை பொறுப்பார். ‘அவர்களுக்குத் தெரியாததா’ என்பார். மகன் அறுவை அன்று வருவான், மாலையே ஓசூருக்கு வண்டி ஏறுவான். நீயோ கூட்டுறவு வங்கியில் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டே வரிசையின் கடைசி ஆளை உட்காரவைத்தவள். அந்தக் குரலை நாங்கள் எத்தனை கேலி செய்திருக்கிறோம்! இப்போது அதை மூன்று நாள் எனக்குக் கடன் கொடு. சண்டை போட வேண்டாம்; இரண்டு மணி ஆவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்று, இன்முகத்தோடு, ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும்படி, மணியைச் சொன்னால் போதும். என்னை எழுப்பும்போது மட்டும் அவசரப்படுத்தாதே. சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்காரவைத்துவிட்டு எழுப்பு.

இந்தப் பக்கத்தில் எழுத்து எறும்பாகச் சிறுத்துவிட்டது என்று எனக்கே தெரிகிறது. ஆறு மணி மாத்திரை இன்னும் ஏறவில்லை. தபாலில் போட்டால் அறுவை முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்பதால், பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்கிறேன், விரலால் பெரிதாக்கிப் படி.

திங்கட்கிழமையே மலை இறங்கி அஸ்தம்பட்டியில் தம்பி வீட்டில் தங்குகிறோம். அறுவை அன்று விடியற்காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி இறங்கி, விழுங்கிய மாத்திரையை வழியிலேயே வாந்தியெடுக்க நான் தயாராக இல்லை. நீ செவ்வாய் மாலைக்குள் வந்துவிடு. நாமக்கல் வழி ரயிலில் வந்தால் ஜங்ஷனுக்குத் தம்பி வருவான். கரூர் கரம் எதையும் கட்டிக்கொண்டு வராதே. எனக்கு எண்ணெய் ஆகாது, உனக்குக் கொலஸ்ட்ரால், தவிர தட்டுவடை செட் விற்கும் ஊருக்கு அதைக் கொண்டுவருவது மரியாதையும் அல்ல. வர முடியாதென்றால் அதை இன்றிரவே சொல்லிவிடு, நான் குகை அத்தையைக் கேட்டாக வேண்டும். அவர் எட்டு மணிக்கே தூங்கிவிடுவார், இரவு பத்து மணி மாத்திரைக்கு அவரை எழுப்ப இன்னொரு ஆள் தேட வேண்டும்.

அன்புடன்,
சரோஜா