செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். இயற்கை ஆர்வலர்களான நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. மழையால் வேடந்தாங்கல் நடை மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் விவாதித்தது ஒன்றைத்தான்: உறுப்பினர்கள் பார்த்த பாம்புகளைக் குறித்துவைக்கும் நம் பாம்புப் பதிவேட்டைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் கொடுக்கலாமா, வேண்டாமா? படிப்பும் பட்டமும் இல்லாதவர்கள் எழுதியதை அவர்கள் மதிப்பார்களா என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முன்பு நம்மிடம் படங்களை வாங்கிப்போன ஒருவர் தன் ஆய்வேட்டில் சங்கத்தின் பெயரைக்கூடப் போடவில்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

களத்தில் பழகிய கண்ணுக்கு என்ன மதிப்பு என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட அவர்களை வரவழைத்ததில் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. சாலையோரம் தேடாமல் நேராகப் புதருக்குள் இறங்கி, முதல் எட்டு நாட்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, அப்படியென்றால் ஆய்வாளர் எதற்கு? நம் பதிவேட்டையே பாருங்கள். நல்லபாம்பும் சாரையும் பிணைந்து ஆடியதாக இந்த ஆண்டும் ஒரு குறிப்பு வந்தது. நேரம், வரப்பு, எவ்வளவு நேரம் நீடித்தது என எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. கூடவே எடுத்த படத்தில் இரண்டுமே சாரைதான். ஆண் சாரைகள் இரண்டு உடலை முறுக்கி, தலையைத் தூக்கி, ஒன்றையொன்று கீழே அமுக்கப் பார்க்கும் சண்டை அது. ஊரே தலைமுறை தலைமுறையாகப் பார்த்த காட்சிக்கு நாம் சொல்லிவந்த காரணம்தான் தவறு. ஆகவே பதிவேட்டில் இனி ‘பார்த்தது’, ‘நினைத்தது’ என இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்.

நஞ்சுள்ள கட்டுவிரியனையும், அதைப் போலவே பட்டைகள் கொண்ட நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் பிரித்தறிவதிலும் இதே சிக்கல். பட்டையை மட்டும் நம்பாதீர்கள். கட்டுவிரியனின் முதுகு நடுவே ஓடும் செதில் வரிசை பெரிதாக, அறுகோணமாக இருக்கும். அது தெரியும் படம் இல்லாவிட்டால் ‘உறுதியில்லை’ என்றே எழுத வேண்டும். தொலைவிலிருந்து ஜூம் செய்து எடுங்கள். படத்துக்காக யாரும் பாம்பைப் பிடிக்கக் கூடாது. அது ஆபத்து மட்டுமல்ல, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பெயர் போடும் விஷயத்துக்கு நல்ல முன்மாதிரி இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. 2020 ஊரடங்கில் சம்பா மாவட்டத்திலிருந்த ஒரு மாணவர், தான் எடுத்த பாம்புப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். ஆய்வாளர்கள் அதைக் கவனித்துத் தொடர்புகொண்டார்கள். மரபணுவையும் செதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2021இல் ‘ஒலிகோடான் சுராஹென்சிஸ்’ என்ற புதிய இனமாக அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் அந்த மாணவரும் ஒருவர். படம் இல்லாமல் அந்தத் தேடல் தொடங்கியிருக்காது. படம் மட்டும் இருந்தால் அது புதிய இனம் என்று நிரூபித்திருக்கவும் முடியாது.

இதையொட்டிச் செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறது: பதிவேட்டின் நகலை ஆய்வாளர்களுக்குத் தரலாம், குறிப்பு எழுதியவரின் பெயரை வெளியிட ஆய்வாளர்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அடையாளம் தவறு என்று அவர்கள் காட்டினால் பழைய குறிப்பை அடிக்காமல், திருத்தத்தைப் பக்கத்தில் தேதியோடு எழுத வேண்டும்.

இரவிலும் போனை எடுத்துப் பேசிய உறுப்பினர்களுக்கும், கூட்டம் நடத்த இடம் தந்தவர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்